‘நாடுகடத்தல்’: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் விழா மலர்களுக்கும் ஊர் வரலாற்று நூல்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். புதிதாக எழுத வருகிறவர்கள் ‘நாடுகடத்தல்’ என்ற சொல்லில், எங்கள் தலைமுறை இடறிய அதே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஒற்றுப்பிழை வேறு கதை, அதை விடுகிறேன்.

அனுப்பியது யார் என்று பாராமல் எழுதுவது

நாடுகடத்தல் என்றால் ஆணை பிறப்பித்த அரசு ஒன்று இருந்தாக வேண்டும். பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு மலரில், ‘பாரதி 1908இல் புதுச்சேரிக்கு நாடுகடத்தப்பட்டார்’ என்றும், ‘சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1910இல் திருவிதாங்கூரை விட்டு வெளியேறினார்’ என்றும் அச்சாகிவிட்டது. இரண்டும் தலைகீழ். பாரதியை யாரும் அனுப்பவில்லை. கைதுக்குத் தப்பிப் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குத் தாமாகப் போனார். அது அடைக்கலம். பிள்ளையோ திவானைச் சாடி எழுதியதற்காக, மன்னரின் ஆணைப்படி 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிபோய், போலீஸ் காவலில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விடப்பட்டவர். 1916இல் கண்ணூரில் இறந்தார். அவரைப் போய் ‘வெளியேறினார்’ என்றால், அரசு செய்த காரியம் அவர் தலையில் விழுகிறது. ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) முழுவதையும் மறுபடி அச்சடித்தோம். காகிதச் செலவை மலர்க்குழு இன்னும் தரவில்லை.

‘நெய்யாற்றின்கரைக்காரரான பிள்ளையைத் திருநெல்வேலியில் விட்டால் அது எப்படி நாடுகடத்தல்?’ என்று எழுதியவர் வாதாடினார். குமரி மாவட்டத்துக்காரர் கேட்கக்கூடாத கேள்வி. அன்று இந்த மண்ணும் திருவிதாங்கூர் சமஸ்தானம்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பிரிட்டிஷ் சீமை. கிழக்கேயிருந்து வருகிறவரை, பாண்டிநாட்டார் என்ற பொருளில், ‘பாண்டிக்காரர்’ என்று சொல்லும் பெரியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

தலைப்பில் ‘நாடு’ வெட்டுப்படுவது

இடமில்லை என்று ‘கடத்தப்பட்டார்’ எனச் சுருக்காதீர்கள். ஆள்கடத்தல் வழக்காகிவிடும்.

வனவாசம்

ராமனுக்கும் பாண்டவருக்கும் சரி. இடமாற்றல் வந்த தாசில்தாருக்குக் கிண்டலாக மட்டும். பாண்டவரின் 13ஆம் ஆண்டு அஞ்ஞாதவாசம்; அதையும் இதில் சேர்க்காதீர்கள்.

புலம்பெயர்தல்

பட்டினப்பாலையின் ‘புலம்பெயர் மாக்கள்’ வணிகத்துக்காகக் காவிரிப்பூம்பட்டினம் வந்து கலந்து வாழ்ந்தவர்கள், யாரும் துரத்திவிடவில்லை. போர் துரத்திய ஈழத்தமிழருக்கும் இன்று அதே சொல்தான் வழங்குகிறது. ஆகவே போரா, பிழைப்பா என்பதை அந்த வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கள் மாவட்டத்துப் பழவிளை, பெருமாள்புரம் முகாம்களைக் குறிப்பிடும்போது ‘அகதிகள் முகாம்’ வேண்டாம். 2021 முதல் அரசு வழங்கும் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’.