சங்கத்தின் நோக்கம் மாறும்போது கையிலுள்ள நன்கொடைப் பணத்தை என்ன செய்வது?

"எங்கள் கிணற்றுக் காசு எங்கே தம்பி?"

பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து நின்று இப்படிக் கேட்டபோது நான்தான் பொருளாளர். பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதை அவருக்குக் காட்ட என் கையில் ஒரு தாள்கூட இருக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் செயலாளர்களுக்காகவும் பொருளாளர்களுக்காகவும் எழுதுகிறேன்.

1990இல் போரால் யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் 2009க்குப் பின்னர் கட்டம் கட்டமாக ஊர் திரும்பியபோது, முதல் வேலைகளில் ஒன்று பாழடைந்து கிடந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்குவது. புலம்பெயர்ந்த உறவுகள் அதற்கு அனுப்பிய பணத்தில் பல சங்கங்கள் இயங்கின. இன்று அதே ஊர்களில் பிள்ளைகளின் மாலைநேர வகுப்பும் தனித்து வாழும் முதியோரின் பராமரிப்பும் முன்னால் வந்து நிற்கின்றன. சங்கம் நோக்கத்தை மாற்றுவதில் பிழையில்லை. ஆனால் பழைய நோக்கத்துக்கென்று தரப்பட்ட பணம் சங்கத்தோடு சேர்ந்து தானாக மாறிவிடாது.

முதற்படி: எந்தச் சொல்லுக்குத் தந்த பணம்?

வங்கி மீதியை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. நன்கொடையாளர் அனுப்பிய கடிதம், மின்னஞ்சல், வைபர் செய்தி எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒவ்வொரு தொகையின் அருகிலும் அவர் எழுதிய சொற்களை அப்படியே எழுதுங்கள். "கிணறுகளுக்கு" என்றால் கிணறுகளுக்கு. "ஊர் நன்மைக்கு" என்றால் பொது நிதி. ஒன்றுமே எழுதாதவரைத் தொலைபேசியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்த வேலை முடியும்வரை அந்தப் பணத்தில் புதிய செலவு எதுவும் வேண்டாம்.

ஒரு மாதிரிக் கணக்கு: 20 கிணறுகள், ஒன்றுக்கு 25,000 ரூபா, மொத்தம் 5 இலட்சம். 14 கிணறுகள் முடிந்து 350,000 ரூபா செலவாகிவிட்டது. மீதி 150,000 ரூபா. வகுப்புக்கு மேசை வாங்கக் கை துறுதுறுக்கும் தொகைதான். ஆனால் அது காத்திருக்கும் 6 குடும்பங்களுக்கு வாக்களித்த பணம்.

இரண்டாம் படி: வாக்குறுதிப் பட்டியல்

அந்த 6 வீடுகளுக்கும் நேரில் போங்கள். ஒரு வீட்டில் சொந்தச் செலவிலேயே கிணற்றை இறைத்திருப்பார்கள். இன்னொரு வீட்டுக் கிணற்றின் கட்டு இடிந்து செலவு கூடியிருக்கும். போன திகதியையும் அவர்கள் சொன்னதையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எங்கள் சங்கம் தவறவிட்ட படி இதுதான். அந்த அம்மாவின் வீட்டு வாசலை நாங்கள் முன்பே மிதித்திருந்தால் அவர் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: தந்தவரைக் கேளுங்கள்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெற்றது, செலவானது, மீதி, காத்திருப்போர் எத்தனை பேர் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு மூன்று வழிகளை வையுங்கள்: பழைய வேலையை முடிப்பது, மீதியைப் புதிய வேலைக்கு மாற்றுவது, திருப்பி அனுப்புவது. பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுபடி எழுதுங்கள், அதுவரை பணம் அசையக்கூடாது.

நாணய மாற்றையும் மறைக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த வேளையில் வந்த நன்கொடைகள் எதிர்பார்த்ததைவிட அதிக ரூபாவைத் தந்தன. விலைவாசியும் உடன் ஏறியது. கூடுதலாக வந்த ரூபாவும் நன்கொடையாளர் குறித்த நோக்கத்துக்கே உரியது. அனுப்பிய தொகை, வந்த திகதி, கிடைத்த ரூபா மூன்றையும் காசேட்டில் எழுதுங்கள்.

நான்காம் படி: பொதுக்கூட்டம்

யாப்பில், அதாவது சங்கத்தின் விதிக்கோவையில், உள்ள குறிக்கோளைத் திருத்த நிர்வாக சபையின் முடிவு மட்டும் போதும் என்று எண்ணாதீர்கள். யாப்பு சொல்லும் முன்னறிவித்தல், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் தொகை), வாக்குப் பெரும்பான்மை மூன்றையும் பார்த்துப் பொதுச்சபையைக் கூட்டுங்கள். தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழோ பிரதேச செயலகத்திலோ பதிந்த சங்கமானால், பதிந்த இடத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள்.

ஐந்தாம் படி: ஏடும் சிட்டையும்

பழைய நிதிக்குக் காசேட்டில் தனிப் பக்கம் திறவுங்கள். புதிய வேலைக்கு அதிலிருந்து "கைமாற்று" எடுப்பதை அடியோடு மறுத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் வைத்துவிடலாம் என்று எடுத்த காசு இரண்டு வருடமாகியும் திரும்பாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடையில் இயந்திரம் அச்சிட்டுத் தரும் சிட்டையின் எழுத்து நமது வெக்கையில் சில மாதங்களில் மங்கிவிடும். அன்றே போட்டோப் பிரதி எடுத்து மூலத்தோடு சேர்த்து ஒட்டுங்கள். கிணறு இறைக்க வந்த தொழிலாளியிடம் சிட்டை இருக்காது. அவருக்கு நீங்களே ஒரு கொடுப்பனவுத் தாள் எழுதி, வேலை, நாள், தொகை, கையொப்பம் வாங்கி, வீட்டுக்காரரையும் சாட்சியாக ஒப்பமிடச் செய்யுங்கள்.

ஆறாம் படி: அறிவித்தல் பலகை

சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்க வருபவர் நின்ற நிலையில் படிக்கக்கூடிய ஒரே தாள் போதும்:

கிணற்று நிதி, மாத முடிவு
பெற்றது: 500,000 ரூபா
செலவு: 350,000 ரூபா
மீதி: 150,000 ரூபா
முடிந்தவை 14, காத்திருப்பவை 6
வகுப்புக்கு மாற்றியது: இல்லை

உதவி பெற்றவர்களின் பெயரைப் பலகையில் போடாதீர்கள், கிணற்று இலக்கம் போதும். பெயர்ப் பட்டியல் கோப்பில் இருக்கட்டும். மாதம் பிறந்ததும் தாளை மாற்றி, பழையதைக் கோப்பில் இடுங்கள். மீதி சுழியமாகும் வரை இந்தத் தாள் வகுப்பு நேர அட்டவணைக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும்.