கேன்சருக்கு வைரஸ் சிகிச்சையா? பணம் புரட்டுவதற்கு முன் இப்படி விசாரியுங்கள்

குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடி பக்கமிருந்து கேன்சர் வைத்தியத்துக்கு வேலூர் வருகிறவர்கள், வைரஸை ஏற்றிக் கட்டியைக் கரைக்கிறார்களாமே, அது எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அப்படி ஒரு சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் எல்லாக் கேன்சருக்கும் இல்லை, அதனால் நகையை அடகு வைக்கக் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் விசாரியுங்கள்.

முதலில் ஃபைலை எடுங்கள். கேன்சரின் முழுப் பெயர், எந்த ஸ்டேஜ், இதுவரை என்ன கீமோ, எவ்வளவு ரேடியேஷன், இதெல்லாம் தெரியாமல் எந்த டாக்டராலும் பதில் சொல்ல முடியாது. ஊரில் பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு, எடுத்த சதையை வைத்திருக்கும் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

அடுத்து, எந்த வைரஸ், அது உடம்புக்குள் என்ன செய்யும் என்று கேளுங்கள், ஏனென்றால் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறார்கள். முதல் வகை, கேன்சர் செல்லுக்குள் பெருகி அதை வெடிக்க வைக்கும் வைரஸ். அமெரிக்காவில் 2015ல் அனுமதி பெற்ற டி-வெக் என்ற மருந்து இந்த வகைதான். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸில் இரண்டு மரபணுக்களை நீக்கிவிட்டு, எதிர்ப்பு செல்களை வரவழைக்கும் ஒரு மனித மரபணுவைச் சேர்த்து, கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள். செல் வெடித்து வெளியே வரும் துணுக்குகளைப் பார்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கேன்சரை அடையாளம் கண்டுகொள்ளும், பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. இரண்டாவது வகையில் வைரஸ் பெருகாது, மருந்தைச் சுரக்க வைக்கும் மரபணுவைக் கொண்டுபோய் இறக்கிவிடும், அவ்வளவுதான். சிறுநீர்ப்பைக் கேன்சரில் ஒரு வகைக்கு 2022ல் அமெரிக்கா அனுமதித்தது அப்படிப்பட்டது. மூன்றாவது கார்-டி, ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வைரஸ் மூலம் மாற்றி, திரும்ப ஏற்றுவது. நம் நாட்டிலேயே உருவான நெக்ஸ்கார்19க்கு 2023ல் அனுமதி கிடைத்தது, அது சில ரத்தக் கேன்சர்களுக்கு. அப்புறம், வேலூர் சிஎம்சியில் லென்டிவைரஸ் என்ற வைரஸை வைத்துச் செய்து 2024ல் செய்தியான சிகிச்சை, ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய்க்கு. அதைக் கேன்சர் மருந்து என்று நினைத்து யாரும் அலைய வேண்டாம்.

எந்தக் கேன்சருக்கு, எந்த நாட்டில் அனுமதி என்பது அடுத்த கேள்வி. டி-வெக் மெலனோமா என்ற தோல் கேன்சருக்கு. ஜப்பான் 2021ல் நிபந்தனையோடு அனுமதித்தது ஒரு வகை மூளைக் கட்டிக்கு. சீனா 2005லேயே தலை, கழுத்துக் கேன்சருக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்க அடினோவைரஸ் என்ற இன்னொரு வகை வைரஸை அனுமதித்தது, வாய்ப்புற்று உள்ளவர்களுக்கு ஆசை காட்டுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள். சீனாவில் அனுமதி இருக்கிறது என்பதாலேயே இங்கே போட்டுவிட முடியாது. பலனையும் கேளுங்கள். டி-வெக் சோதனையில் 436 பேர் இருந்தார்கள். கட்டி சுருங்கி ஆறு மாதமாவது அப்படியே நின்றது அந்த மருந்து பெற்றவர்களில் 16.3 சதவீதம் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்த்த மருந்தில் 2.1 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் நோயாளியிடம் சொல்லத்தான் வேண்டும்.

ட்ரையல், அதாவது இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சை என்று சொன்னால், சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் உள்ள எண்ணைக் கேளுங்கள். அந்த இணையதளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், எந்த ஆஸ்பத்திரி, யாரைச் சேர்ப்பார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா எல்லாம் அதில் இருக்கும். எண் இல்லை, ஆனால் சோதனை மருந்துக்கு லட்சக்கணக்கில் கட்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள், ஆராய்ச்சிச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சோதனையால் பாதிப்பு வந்தால் வைத்தியம் பார்ப்பது அவர்கள் பொறுப்பு, மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இதெல்லாம் முடிகிறவரை நடந்துகொண்டிருக்கும் கீமோவை மட்டும் நிறுத்தாதீர்கள்.

டி-வெக் மாதிரி உயிருள்ள வைரஸ் போட்டால் வீட்டில் இருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவருக்குக் காய்ச்சல், குளிர், அசதி வரலாம். ஊசி போட்ட இடத்தை மூடியே வைத்து, கட்டு மாற்றுகிறவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், உறுப்பு மாற்றம் செய்தவர் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அக்கிக்குக் கொடுக்கிற அசைக்ளோவிர் மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லுங்கள், அது இந்த வைரஸையும் அடக்கிவிடும்.