வைட்டமின் டி: சிவப்புத் தாள் வரும் நாளில் மட்டும்

அத்தைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது 60,000 யூனிட் கேப்ஸ்யூல், எட்டு. வாரத்துக்கு ஒன்றாக இரண்டு மாதம் வர வேண்டியது. ஐந்தாம் நாள் நான் போனபோது அட்டையில் மூன்றுதான் மிச்சம். "சத்து மாத்திரைதானேடா, தினம் போட்டா சீக்கிரம் தேறிடலாம்னு பார்த்தேன்" என்றார்.

வைட்டமின் டி விஷயத்தில் பலரும் செய்யும் தவறு இது. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. அந்தக் கணக்கில் ஒரு கேப்ஸ்யூலே நூறு நாள் பங்கு. பி, சி வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் தங்கும். வாரக்கணக்கில் இப்படிப் போட்டுக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். பசி போகும், வாந்தி வரும், மலம் கட்டும், தாகமும் சிறுநீரும் அதிகமாகும், கடைசியில் சிறுநீரகத்தில் கை வைக்கும். அத்தை ஐந்தோடு நின்றதால் தப்பித்தார். டாக்டர் சில வாரம் இடைவெளி விடச் சொன்னார். அதன்பின் தினசரி காலண்டரில் சிவப்புத் தாள் வரும் ஞாயிறு மட்டும், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்குவதைவிடச் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக உடம்பில் சேரும்.

கோர்ஸ் முடிந்ததும் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு அட்டை வாங்குவதும் இதே ரகம்தான். பல கால்சியம் மாத்திரைகளில் டி ஏற்கெனவே கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுப்பவர்களும் தாங்களாக எதையும் தொடங்கக் கூடாது.

அடுத்து வெயில். "காலை ஆறரை மணி இளவெயில் போதும்" என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. நடைப்பயிற்சிக்கு அது அருமையான நேரம். ஆனால் தோலில் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர் அந்நேரம் மிகக் குறைவு. உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வேலைக்கு ஆகும் வெயில், நீளமாக இருந்தால் ஆகாது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சூடு வரும், டி வராது. நாள் முழுக்க பைக்கில் அலைகிறவருக்கும் குறைவாக இருப்பது இதனால்தான்: ஹெல்மெட், கையுறை, முழுக்கை சட்டை. வெயில் எங்கே படும்? கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை. அதற்காக அக்னி நட்சத்திரத்தில் வயதானவர்களை மொட்டை மாடியில் நிறுத்திவிடாதீர்கள்.

"பாலும் கேழ்வரகும் சாப்பிடுகிறேனே" என்பார்கள். அவை கால்சியம் தரும், டி வேறு. முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட்தான். மத்தி, கானாங்கெளுத்தி தேவலை. பால் பாக்கெட்டில் '+எஃப்' முத்திரை இருந்தால் சத்து சேர்க்கப்பட்டது என்று பொருள்.

முடி கொட்டினாலும் சோர்வு வந்தாலும் டி குறைவு என்று முடிவுகட்டுகிறோம். ஆனால் தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றி எழுவதையும், படியேறத் தொடை ஒத்துழைக்காததையும், இடுப்பெலும்பு வலியையும் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். எலும்பு மென்மையாகித் தசை தளரும் கடுமையான குறைபாடு இப்படித்தான் வெளிப்படும். குழந்தைகளுக்கு வந்தால் கால் வளையும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு தினம் 400 யூனிட் சொட்டு மருந்து எழுதுவார்கள். ஒரு மில்லியில் 400 உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. கம்பெனி மாறினால் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

பரிசோதனையில் பார்க்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 1,25 என்று தொடங்கும் இன்னொன்று, குறைபாடு இருக்கும்போதும் சரியாக இருப்பதுபோல் காட்டலாம். அலகையும் பாருங்கள். லண்டனிலிருந்து அத்தை மகன், "எனக்கு 50 வந்திருக்கு, உங்களுக்கு வெறும் 18தானா?" என்று பெருமையாகக் கேட்டான். அவனுடையது நானோமோலில், நம் ஊர் நானோகிராமுக்கு மாற்ற இரண்டரையால் வகுக்க வேண்டும். வகுத்துச் சொன்னேன், 20. அவனும் சரியாகக் குறைபாட்டின் எல்லைக் கோட்டில்தான் நிற்கிறான்.