மரத்தளம் துள்ளினால், கிறீச்சிட்டால்: பேஸ்மென்டிலிருந்து சரிசெய்யும் முறை

டொரோண்டோவின் ஸ்காபரோ பக்கத்துப் பழைய வீடுகளில் ஒருவர் முன்னறையைக் கடந்தால் அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுப்பது புதுமையல்ல. தரைக்கு அடியில் கொங்கிறீட் இல்லை. 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும் 2×8 அல்லது 2×10 (அங்குலக் கணக்கில்) மரக்கட்டைகள், அதாவது ஜாயிஸ்ட்கள், மேலே அடித்த பலகையையோ பிளைவுட்டையோ தாங்குகின்றன.

சத்தமும் துள்ளலும் ஒரே நோய் அல்ல. பலகைக்கும் ஜாயிஸ்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, தளர்ந்த ஆணியில் பலகை ஏறி இறங்குவதுதான் கிறீச். துள்ளுகிறதென்றால் கட்டை அதன் நீளத்துக்குப் போதவில்லை, அல்லது எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது.

சத்தத்தை முதலில் முடித்துவிடலாம். மேலே ஒருவர் நடக்க, கீழே ஒருவர் சோக்கட்டியால் இடத்தைக் குறிக்கட்டும். குளிர்காலம்தான் இதற்கு நல்ல நேரம்: ஹீட்டரின் வரண்ட காற்றில் மரம் சுருங்கி இடைவெளி நன்றாகத் தெரியும். மெல்லிய மர ஆப்பில் பசை தடவி, கையால் மட்டும் தள்ளுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் பலகை மேலெழும்பி, பக்கத்து ஜாயிஸ்ட்டில் புதுச் சத்தம் தொடங்கும். நீளமான இடைவெளி என்றால் பசையை உள்ளே பிதுக்கிவிட்டு, ஜாயிஸ்ட்டை ஒட்டி ஒரு 2×4 துண்டைப் பலகைக்கு அடியில் அழுத்தி ஜாயிஸ்ட்டோடு திருகுங்கள். கீழிருந்து பலகைக்குள் திருகாணி ஏற்றுவதானால் நீளத்தைக் கணக்குப் பாருங்கள். ⅝ பிளைவுட், மேலே ¾ ஹார்ட்வுட் என்றால் மொத்தமே 1⅜ அங்குலம். திருகாணி அதற்குள் நிற்க வேண்டும், இல்லையேல் வெறுங்காலில் குத்தும். சில நேரம் குற்றவாளி பலகையே அல்ல. ஜாயிஸ்ட்களுக்கு நடுவே X வடிவில் அடித்த பழைய குறுக்குச் சட்டங்கள் ஒன்றோடொன்று உரசலாம், ஹீட்டிங் குழாய் கட்டையில் உரசலாம்.

துள்ளல்தான் வேலை கேட்கும். ஒரு கட்டையின் தடிப்பை இரட்டித்தால் வளைவு பாதியாகும். உயரத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். அதே சுமைப் பரவலில் தாங்குதூரம், அதாவது இரு தாங்குமுனைகளுக்கு இடைப்பட்ட தூரம், இரட்டித்தால் வளைவு 16 மடங்கு. 12 அடிக்கு ஒழுங்காக நிற்கும் 2×8, 15 அடிக்குப் போட்டால் ஆடுவது இதனால்தான்.

டார்ச்சோடு ஒவ்வொரு ஜாயிஸ்ட்டையும் பாருங்கள். வெடிப்பு, உளுத்த முனை, குழாய்க்காரர் அடிப்பக்கத்தில் போட்ட வெட்டு ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். ஈரத்தால் உளுத்திருந்தால் கசிவை நிறுத்தாமல் புதுக்கட்டை சேர்ப்பது வீண். 1990க்கு முந்தைய வீட்டில் சீலிங்கைப் பிரிக்கும் முன் அஸ்பெஸ்டஸ் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வழக்கமான வைத்தியம் சிஸ்டரிங்: பழைய கட்டையோடு அதே உயரமுள்ள புதுக்கட்டையை ஒட்டிப் பிணைப்பது. 'எஸ்-டிரை' (S-DRY, அதாவது உலர்த்தியது) முத்திரையுள்ள மரம் வாங்குங்கள். ஈரமரம் பின்னர் சுருங்கி, தொலைத்த சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும். இரு முனையும் சுவரிலோ உத்தரத்திலோ குறைந்தது 1½ அங்குலம் உட்கார வேண்டும் என்பதால், 12 அடி இடைவெளிக்கு 14 அடிக் கட்டை வாங்கி வெட்ட வேண்டும். கட்டையில் இயல்பாகவே இருக்கும் வளைவின் மேட்டுப்பக்கம் மேலே பார்க்கட்டும்.

தளம் தொய்ந்திருந்தால் முதலில் ஜாக் வைத்துத் தூக்க வேண்டும். தரையில் பலகை பரப்பி, ஜாயிஸ்ட்களுக்குக் குறுக்கே இரட்டை 2×6 வைத்து, நாளுக்கு ⅛ அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். அவசரப்பட்டால் மேல்மாடிச் சுவரும் டைலும் வெடிக்கும்.

பழைய கட்டையின் பக்கத்தில் பாலியூரித்தேன் பசையை இரண்டு நெளிகோடாக இழுங்கள். 825 மி.லி. குழாய் ஒன்று ஏறக்குறைய மூன்று ஜாயிஸ்ட்டுக்கு வரும். புதுக்கட்டையின் மேல்மூலை ஒன்றைச் சீவிவிட்டால் சாய்த்து நுழைத்து நிமிர்த்தலாம். கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலும் கீழுமாக இரண்டு வரிசையில், 12 அங்குலத்துக்கு ஒன்றாக, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி 3 அங்குல ஆணி அடியுங்கள். ட்ரைவோல் (ஜிப்சம் சுவர்ப்பலகை) திருகாணி வேண்டாம். அது நொறுங்கும் இரும்பு, குறுக்கு விசையில் தலை தெறிக்கும். ஜாக்கை ஒரு நாள் கழித்து இறக்குங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வீடுகளில் 2×8 என்றால் உண்மையிலேயே 8 அங்குல உயரம் இருக்கலாம். இன்று கடையில் கிடைப்பது 7¼தான். புதுக்கட்டையை மேற்பலகையோடு ஒட்டவைத்து, முனைகளுக்கு அடியில் இரும்புத் தகடோ கடின மரமோ வைத்து இடைவெளியை நிரப்புங்கள். குழாயும் வயரும் முழுநீளத்துக்கு வழிவிடவில்லையா? நடுவில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்குச் சேர்த்தாலும் துள்ளல் பெரும்பாலும் அடங்கும், ஏனெனில் வளைவு நடுவில்தான் அதிகம். ஆனால் முனை கெட்ட கட்டைக்கு இது உதவாது.

பிறகு நடுப்பகுதியில் ஜாயிஸ்ட்களுக்கு இடையே குறுக்குத் துண்டுகள் அடித்தால் ஒருவரின் எடை பக்கத்து ஜாயிஸ்ட்களுக்கும் பகிரும். கணக்குப்படி இடைவெளி 14½ அங்குலம், சிஸ்டர் செய்தபின் 13. ஆனாலும் ஒவ்வொன்றையும் அளந்தே வெட்டுங்கள், பழைய வீட்டில் எதுவும் நேரில்லை.

நடுவில் புது உத்தரமும் இரும்புத் தூணும் நிறுத்துவது எல்லாவற்றிலும் வலிமையான தீர்வு. ஆனால் பேஸ்மென்ட் தரையின் மெல்லிய கொங்கிறீட் தூணைத் தாங்காது. தனி அத்திவாரம் தோண்ட வேண்டும், மாநகராட்சி அனுமதியும் வேண்டும். I வடிவ ஜாயிஸ்ட் உள்ள புதிய வீடுகளுக்கு மேலே சொன்ன ஆணி முறை பொருந்தாது. அவற்றின் மேல், கீழ்ச் சட்டங்களில் ஒரு வெட்டுகூடப் போடாமல், தயாரிப்பாளரின் பழுதுபார்ப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.