திருகோணமலையைச் சுற்றிவிட்டு நாட்டார் பாட்டு எழுதுகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் வந்துபோனவர்கள் எழுதுகிற 'நாட்டார்' பாட்டுகளைக் கேட்டால் வரிசை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். முதலில் கோணேசர் மலை, பிறகு கோட்டைக்குள் மேய்கிற மான்கள், அப்புறம் நிலாவெளி மணல், புறாத்தீவு, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கடைசியில் 'எங்கள் திருமலையே' என்று ஒரு முடிப்பு. பெயர்கள் எல்லாம் சரிதான். ஆனால் இதைப் பாடுவது யார், என்ன வேலை செய்துகொண்டு பாடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பஸ்ஸில் வந்து இறங்கின ஒருவர்தான் அதற்குள் நிற்கிறார். நாட்டார் பாட்டில் வலை இழுக்கிறவன் பாடுவான், களை பிடுங்குகிறவள் பாடுவாள், ஏணையில் பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற அம்மம்மா பாடுவார். பாடுகிற ஆளை முடிவு செய்யாமல் பேனாவை எடுப்பதுதான் முதல் பிழை, மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

கரைவலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோணியில் போய் வலையை வளைத்துவிட்டு வந்த பிறகு, கரையில் இரண்டு கூட்டமாக நின்று இரண்டு பக்கக் கயிற்றையும் இழுப்பார்கள். அந்த வேலைக்கான பாட்டுத்தான் அம்பா. ஒருவர் ஒரு சின்ன வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுத்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள், மீன் சேருகிற வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்கப் பாரமும் கூடும், பாட்டின் வேகமும் ஏறும். இதைத் தெரியாமல் 'நீலக்கடல் அலைகளிலே நித்தமும் நான் மிதந்துவரும்' என்று நீட்டி எழுதினால், அந்த வரி முடிவதற்குள் இழுக்கிறவருக்கு மூச்சு முட்டிவிடும். நான் எழுதினால் இப்படித்தான் தொடங்குவேன் (சூடை என்பது ஒரு சின்ன மீன்):

மடி கனக்குது — ஏலேலோ
மனமும் கனக்குது — ஏலேலோ
சூடை வருகுது — ஏலேலோ
கடனும் வருகுது — ஏலேலோ

இதில் பெரிய கவித்துவம் எதுவும் கிடையாது. ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடலாம், அதுதான் இங்கே வேண்டும். எழுதின பிறகு கதிரையில் இருந்து வாசித்துப் பார்க்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கிணற்றிலிருந்து அள்ளிக்கொண்டே பாடிப் பாருங்கள், எந்தச் சொல் இடிக்கிறது என்று உடனே தெரியும்.

அடுத்தது காற்று. இதில்தான் வெளியூர்க்காரர் எழுதினது என்று கரையோர ஆட்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலான பயணிகள் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும்தான் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிறார்கள். அப்போது தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று, வெக்கை, கடல் குளம்போலக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு 'அமைதியான கடலம்மா' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை தொடங்கினால் அதே கடல் வேறு ஆள். தோணியைக் கரையேற்றிவிட்டு வீட்டில் இருக்கிற மாதங்கள் அவை, நகை அடகுக்குப் போகிற மாதங்களும் அவைதான். வருடத்தின் பாதி மட்டும் தெரிந்த பாட்டு மீனவக் குடும்பத்தின் பாட்டாகாது. மார்கழியில் கச்சான் வீசுகிறதாக எழுதினால் இன்னும் மோசம்.

பேச்சும் அப்படித்தான். தமிழ்நாட்டுச் சினிமாவில் கேட்ட 'ஏ புள்ள', 'கம்மாக்கரை' எல்லாவற்றையும் தம்பலகாமத்து வயலுக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள். இங்கே குளம், குளக்கட்டு, வாய்க்கால், வயல். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் பாடுகிறாள் என்றால் அவளுக்கு உம்மா, வாப்பா, ராத்தா (அக்கா) இருப்பார்கள். அந்தச் சொற்களை எடுத்துவிட்டுப் பொதுவாக 'அம்மா அப்பா' என்று போட்டால் அவள் யாரென்றே தெரியாமல் போய்விடும்.

கதைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். இறந்துபோன தாய்க்குக் கடமை செய்ய இராவணன் உண்டாக்கினது என்பது கதை, நம் பெரியவர்களும் செத்தவர்களுக்குக் கடன் கழிக்கிற இடமாகத்தான் அதை அறிவார்கள். அங்கே குளித்துக் கும்மாளமடிக்கிற துள்ளல் பாட்டு ஒன்றை எழுதுவதற்கு முன்னால், அந்தத் தண்ணீரில் தலைமுழுகின ஒரு மகனையோ மகளையோ நினைத்துப் பாருங்கள். மெட்டு தானாக மாறும். கந்தளாய்க் குளமும் இப்படித்தான். குளக்கோட்டன் என்கிற ராசா பூதங்களைக் கொண்டு கட்டினான் என்கிற கதையை எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதட்டும், நல்ல கதை. ஆனால் 1986 ஏப்ரலில் அந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ராசா கதையை மட்டும் கேட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

காலத்தைக் குழப்புவதும் நடக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன்னால் 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தோம். இன்றைக்கு இருபது வயதுப் பெண் துறையில் பாதைக்குக் காத்துநிற்பதாக எழுதினால் பொருந்தாது. வயதான ஒருத்தி நினைத்துப் பாடினால் பொருந்தும்:

பாலம் வந்து போட்டாச்சு மச்சான்
பாதைத்துறை ஓய்ஞ்சு போச்சு
நீ வாற வழியில மட்டும்
நெருஞ்சி முளைச்சு நிக்குது

இன்னொன்று, மனது நோகிற விஷயம். ஒரு கிழவியிடம் தாலாட்டைக் கேட்டு போனில் பதிந்துகொண்டு போய், நான்கு சொல்லை மாற்றி, யூடியூபில் 'பாடல்: நான்' என்று போடுகிறார்கள். கேட்டு வாங்கினதைக் கேட்டு வாங்கினதென்று எழுதுங்கள், அவர் விரும்பினால் பெயரோடு, இல்லாவிட்டால் ஊரின் பெயரோடு. ஒப்பாரியைக் கேட்டு வற்புறுத்தவே வேண்டாம். சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடக் கூடாது என்று நினைக்கிற பெண்கள் நிறையப் பேர். யுத்தத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு தாய் மனம்விட்டுச் சொன்னால், அந்தப் பெயர்களை அவர் சம்மதம் இல்லாமல் வரிக்குள் வைக்காதீர்கள்.

எதுகை மோனைக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம், அது தானாக வரும். மெட்டை முடிவு செய்வதற்கு முன்னால் யாருடைய வாயில் வைத்து எழுதினீர்களோ அவருக்கு ஒருமுறை பாடிக் காட்டுங்கள். 'இப்பிடிச் சொல்ல மாட்டம் தம்பி' என்று அவர் ஒரு சொல்லை மாற்றினால், அந்த மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.