மிளகுக்கு எந்த டப்பா பிடிக்கும்?
சூரை மீன் டப்பாவைத் திறந்தால் எங்கள் பூனை மிளகு மாடியிலிருந்து ஓடி வரும். கோழி என்றால் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விடும். சரி, சூரைதான் என்று 12 டப்பா வாங்கி அடுக்கினேன். நான்காம் நாள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் முதலில் ஒவ்வொரு சுவையிலும் ஒரு டப்பா மட்டும் வாங்குங்கள்.

பூனைக்கு இனிப்பு தெரியாது, மணம்தான் எல்லாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்து வையுங்கள். ஒதுக்கிய கோழியை மிளகு இப்படித்தான் காலி செய்தது. அப்புறம், பதத்தையும் பாருங்கள். குழம்பில் மிதக்கும் துண்டுகள் என்றால் இவள் குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை மீதி வைப்பாள். மைய அரைத்ததுதான் இவளுக்குச் சரி.

லேபிளில் ‘கம்ப்ளீட்’ என்று இருக்க வேண்டும். ‘காம்ப்ளிமென்டரி’ என்றால் தொட்டுக்கொள்ள மட்டும். நாய் டப்பா வேண்டவே வேண்டாம், பூனைக்குத் தேவையான டாரின் என்ற சத்து அதில் போதாமல் போகலாம்.

புதியதைப் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். ‘பசித்தால் தானே தின்னும்’ என்று பட்டினி போடாதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.