ஒரு கடையிலிருந்து பத்துக் கடைக்கு: கார் டீலர்ஷிப்பை விரிவாக்கும் முறை

இரண்டாவது ஷோரூமுக்கு இடம் பார்க்கக் கிளம்புமுன் முதல் கடையின் கணக்கில் ஒரே ஓர் எண்ணைப் பாருங்கள். ஒர்க்‌ஷாப், உதிரிபாகம், பாடிஷாப் மூன்றிலும் பொருள் விலையும் மெக்கானிக் கூலியும் போக மாதம் எவ்வளவு நிற்கிறது? அதைக் கடையின் மாத நிலைச் செலவால் வகுக்க வேண்டும். வாடகை, அலுவலகச் சம்பளம், மின்சாரம், காப்பீடு எல்லாம் நிலைச் செலவு; விற்காமல் நிற்கும் கார்களுக்கு வாங்கிய கடனின் வட்டியை, அதாவது ஸ்டாக் வட்டியை, இதில் சேர்க்காதீர்கள். செலவு 60 லட்சம், சர்வீஸ் பக்கம் நிற்பது 42 லட்சம் என்றால் விகிதம் 70 சதவீதம். தொழிலில் இதற்கு அப்சார்ப்ஷன் என்று பெயர்.

மீதி 18 லட்சத்தைப் புதுக் கார் விற்றுத்தான் அடைக்க வேண்டும். அது எவ்வளவு கடினம் என்று போட்டுப் பார்ப்போம். 9 லட்ச ரூபாய் காரில் 4 சதவீத மார்ஜின் என்றால் 36,000. தள்ளுபடி, இலவச மேட், விற்பனையாளர் இன்சென்டிவ், டெலிவரிச் செலவு போக 10,000 நின்றால், அந்த 18 லட்சத்துக்கு மட்டும் 180 கார் விற்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து அப்சார்ப்ஷன் 80 சதவீதத்துக்கு மேல் நிற்காத கடையை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திறப்பது, ஓட்டைக் குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டைக் குடம் வைப்பதுதான்.

ஸ்டாக் நாள்

மேலே சொன்ன 10,000 ரூபாயை விழுங்குவது யார்டில் நிற்கும் நாள்கள். 9 லட்ச ரூபாய் கார் 9.5 சதவீத வட்டியில் 60 நாள் நின்றால் வட்டி மட்டும் சுமார் 14,000. அந்தக் கார் விற்கும்போதே நட்டம். மாதம் 100 கார் விற்கும் கடை 30 நாள் ஸ்டாக், அதாவது 30 நாளில் விற்கும் அளவு கார், வைத்தால் 9 கோடி முடங்கும். மாத வட்டி 7 லட்சத்தைத் தாண்டும். இதே பழக்கத்தோடு ஐந்து கடைக்குப் போனால் 45 கோடி.

டீலர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாடா 21 நாள் ஸ்டாக்கே சரி என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறது. 2024 செப்டம்பரில் நாட்டின் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் வரை ஸ்டாக் தேங்கியது என்று அதே அமைப்பு அறிவித்தது. கார் தயாரிக்கும் கம்பெனி தன் மாதக் கணக்கை முடிக்க வண்டியைத் தள்ளும், டீலர் டார்கெட் இன்சென்டிவுக்காக வாங்கிக்கொள்வார். வாங்குமுன் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: கிடைக்கும் இன்சென்டிவ் ஒரு பக்கம், அந்த வண்டிகள் விற்றுத் தீரும் வரை ஆகும் வட்டியும் கொடுக்க வேண்டிய தள்ளுபடியும் மறுபக்கம். பல மாதங்களில் இரண்டாவதுதான் பெரிதாக இருக்கும்.

வரி மாறும்போது இந்தத் தேக்கம் இரட்டை அடி கொடுக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகவும் பெரிய கார்களுக்கு 40 சதவீதமாகவும் மாறி, ஜிஎஸ்டிக்கு மேல் வாங்கிய கூடுதல் வரியான ஈட்டுச் செஸ் நீங்கியது. செஸ் கட்டி வாங்கிய ஸ்டாக்கின் செஸ் வரவு, அதாவது வாங்கும்போது கட்டியதை விற்கும்போது கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளும் உரிமை, டீலரின் லெட்ஜரிலேயே நின்றுவிட்டது. செஸ் வரவைச் செஸ்ஸுக்கு எதிராக மட்டுமே கழிக்க முடியும், கழிக்கச் செஸ் இல்லை. குறைந்த ஸ்டாக் வைத்திருந்தவருக்குக் குறைந்த அடி.

கடனைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி. கார் விற்ற பணம் வந்த நாளே, அந்தக் காருக்கு வாங்கிய ஸ்டாக் கடனை அடையுங்கள். அந்தப் பணத்தை எடுத்துப் புதுக் கடையின் கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் போடுவதில்தான் சங்கிலி அறுகிறது. வங்கியின் ஆள் யார்டுக்கு வந்து சேசிஸ் எண்ணை ஒவ்வொன்றாக டிக் அடிக்கும்போது கடன் அடையாத ஏழு வண்டி அங்கே இல்லை என்று தெரிந்தால், எல்லாக் கடைகளின் கடன் லிமிட்டும் ஒரே நாளில் நிற்கும்.

யார்டில் வாரம் ஒருமுறை

கடைகள் கூடும்போது முதலில் கெடுவது யார்டுதான். முதலாளி தினமும் பார்ப்பது ஷோரூமை. யார்டு ஊருக்கு வெளியே இருக்கும். மல்டிமீட்டரும் பிரஷர் கேஜும் கொண்ட ஒரு பையன் வாரம் ஒருமுறை எல்லா வண்டியையும் சுற்றி வர வேண்டும். நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். அப்படியே விட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, டெலிவரி எடுத்த மூன்றாம் மாதமே வாடிக்கையாளர் வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நெடுநாள் நிற்கும் டயரில் காற்றைச் சற்றுக் கூடுதலாக வைத்து, மாதம் ஒருமுறை வண்டியைக் கால் சுற்று நகர்த்துங்கள். இல்லையென்றால் ஒரே இடம் தட்டையாகி ஓட்டும்போது அதிரும். டெலிவரியன்று காற்றைச் சரியான அளவுக்கு இறக்க மறக்கக் கூடாது.

பறவை எச்சத்தை அன்றே ஈரத்துணியால் எடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்தால் பெயின்ட்டின் மேல்பூச்சான கிளியர் கோட்டை அரித்துவிடும், பிறகு பாலிஷ் கூலி. பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே சுற்றில் முடியும். எலி கடித்து ஒரு வயரிங் ஹார்னஸ் (வண்டியின் மின்கம்பித் தொகுப்பு) போனால் அந்தக் காரின் லாபம் போனது. பழைய வண்டி முன்னால், புதியது பின்னால் என்று நிறுத்துங்கள். டிசம்பரில் தயாரான கார் ஜனவரி பிறந்ததும் போன வருடத்துக் கார் ஆகிவிடும், தள்ளுபடி கேட்காமல் யாரும் வாங்க மாட்டார்கள்.

அடுத்த ஊரில் எதை முதலில் திறப்பது

பெரும்பாலோர் ஷோரூமைத் திறந்துவிட்டுப் பிறகு ஒர்க்‌ஷாப் தேடுவார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தஞ்சாவூரில் பெரிய கடை இருந்தால், கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி போன்ற ஊர்களில் முதலில் மூன்று பே (ஒரு வண்டியை நிறுத்தி வேலை செய்யும் இடம்) கொண்ட சர்வீஸ் சென்டரைத் திறக்கலாம். அங்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டுகளே ஊரில் எத்தனை வண்டி ஓடுகிறது, எந்த மாடல், எத்தனை வருடப் பழையது என்று காட்டிவிடும். ஷோரூம் வைக்கலாமா என்பதை அந்தக் கணக்குச் சொல்லும். பெரிய ரிப்பேர், பெயின்ட் வேலை தஞ்சாவூருக்கே போகட்டும். 60 டிகிரியில் அரை மணி நேரம் சுடும் பெயின்ட் பூத் சிறு கடையில் பாதி நாள் சும்மா நிற்கும். எங்கே திறந்தாலும் கம்பெனியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கைக்கு வருமுன் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எத்தனை பே வேண்டும்? மாதம் 100 கார் விற்கும் கடைக்கு ஐந்து வருடத்தில் 6,000 வண்டி வெளியே ஓடும். அதில் 60 சதவீதம் உங்களிடமே சர்வீஸுக்கு வந்தால் 3,600. வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் 7,200 ஜாப் கார்டு. 300 வேலை நாளுக்கு வகுத்தால் தினம் 24. ஒரு பேயில் நாளைக்கு மூன்று வண்டி முடியும் என்றால் எட்டு பே. இதற்குக் குறைவாகக் கட்டினால் வண்டி தெருவில் நிற்கும், வாடிக்கையாளர் மூலைக் கடை மெக்கானிக்கிடம் போவார். அப்சார்ப்ஷன் அங்கேதான் கசிகிறது.

காகித வேலை சுருக்கமாக: ஒவ்வொரு இடத்துக்கும் டிரேடு சர்டிஃபிகேட் (பதிவாகாத வண்டிகளை டீலர் வைத்திருக்க அனுமதி), வேறு மாநிலம் என்றால் தனி ஜிஎஸ்டி பதிவு, ஒர்க்‌ஷாப்புக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல், வாஷிங் பேயில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீத டிசிஎஸ் (வாங்குபவரிடம் விற்பவர் வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. புதுக் கடையின் கேஷியருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வாங்கிய முழுத் தொகையும் அபராதமாகப் போகலாம். பழைய கார் வியாபாரத்தில் 2025 ஜனவரி முதல் மார்ஜின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி.

ஒரே பிராண்டா, பலவா

செவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலைநகர் ஆலை உட்பட. அந்த ஒரே பெயரை நம்பியிருந்த டீலர்களின் கண்ணாடியும் டூல்ஸும் பயிற்சியும் ஒரே அறிவிப்பில் மதிப்பிழந்தன. பெரிய சங்கிலிகள் இதனால்தான் பல பெயர்களுக்குப் பரவுகின்றன. அகமதாபாத்தின் லேண்ட்மார்க் 1998-ல் ஹோண்டாவில் தொடங்கிப் பிறகு மெர்சிடிஸ், ஜீப், ஃபோக்ஸ்வேகன் என்று விரிந்து 2022 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. கொச்சியின் பாப்புலர் 1984-ல் மாருதியில் தொடங்கி, டாடா வர்த்தக வாகனம் வரை போய், 2024 மார்ச்சில் பங்கு வெளியிட்டது. ஆனால் முதல் பிராண்டில் மூன்று கடையாவது லாபத்தில் நிற்காமல் இரண்டாவது பிராண்டைத் தொடாதீர்கள். உதிரிபாக ஸ்டாக், ஸ்கேனர், பயிற்சி எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

மற்றவர் கடையை வாங்கும்போது

வேகமாக வளர இதுவே வழி. பணம் போவதும் இங்கேதான். கார் ஸ்டாக்கை வயது வாரியாகப் பிரித்து, 90 நாள் தாண்டியதற்குத் தள்ளுபடி கழித்தே விலை போடுங்கள். ஒரு வருடமாக அசையாத உதிரிபாகத்துக்கு விலை பூஜ்யம். நிலுவையில் உள்ள வாரண்டி கிளெய்ம்களில் கம்பெனி மறுத்தவற்றைப் பிரித்தெடுங்கள். வாங்கிய புக்கிங் முன்பணம், ஊழியர் கிராஜுவிட்டி இரண்டும் உங்கள் தலையில் வரும் கடன்கள். கடைசியாக ஒன்று, பலரும் விடுவது: டெலிவரி கொடுத்தும் ஆர்சி வராத வண்டிகளின் பட்டியலைக் கேளுங்கள். அதில் 40 பெயர் இருந்தால், வாடிக்கையாளரிடம் வாங்கிய சாலை வரிப் பணம் வேறெங்கோ போயிருக்கிறது. அந்தத் தொகையைக் கழித்த பிறகே விலை பேசுங்கள்.